இடியும் இல்லை, மின்னலும் இல்லை: எடிசனின் மூன்று கம்பியும் வீட்டு வாகனமும்

கனடாவில் வசிக்கும் எனது மூத்த சகோதரியின் மகன் பழைய வீட்டு வாகனம் ஒன்றை வாங்கியிருந்தார். ஆர்.வி. என்று இங்குள்ளவர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்த வாகனத்தில் படுக்கை, அடுப்பு, குளியலறை, குளிரூட்டி எல்லாம் உண்டு. பஸ் வண்டி ஒன்றின் நீளம். கோடை விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஏரிக்கரையோரம் இருந்த முகாம் திடல் ஒன்றுக்குச் சென்றார்கள். அக்காவும் உடன் வந்தார். எண்பதை நெருங்கும் அவர், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் காரணமாக இரவில் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியின் முகமூடியை அணிந்துகொண்டே தூங்குபவர். வீட்டு வாகனத்தில் மின்சாரம் இருக்கும் என்ற உறுதியிலேயே மருத்துவர் பயணத்துக்குச் சம்மதித்திருந்தார்.

முதல் நாள் இரவு பதினொரு மணியளவில் குளிரூட்டியின் உறுமல் திடீரெனத் தாழ்ந்து முனகலாக மாறியது. அதே கணத்தில் மைக்ரோவேவ் அடுப்பின் மணிக்கூட்டு எழுத்துகள் ஒருமுறை பளீரென மின்னி அணைந்தன. கரிந்த பிளாஸ்ரிக் நாற்றம் எழுந்தது. மருமகன் பாய்ந்து சென்று பிரதான பிரேக்கரை இறக்கினார். அதன்பின் திரும்பவும் அதை ஏற்ற எவருக்கும் துணிவு வரவில்லை. அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு விடியும்வரை கதிரையில் சாய்ந்திருந்தார். நான் அவருக்குத் துணையாக விழித்திருந்தேன். வெளியே தெளிந்த வானம். ஏரியின் மேல் நட்சத்திரங்கள்.

"மாமா, இடியும் இல்லை, மின்னலும் இல்லை. பிறகெப்படி எரிஞ்சது?" என்று காலையில் மருமகன் கேட்டார். அவருடைய கையில் ஒரு பெட்டி இருந்தது. திடீர் மின்னெழுச்சியிலிருந்து வாகனத்தைக் காக்கும் என்று நம்பி அவர் வாங்கிய பெட்டி அது. மேலே பெரிய எழுத்தில் யூல் கணக்கு அச்சிடப்பட்டிருந்தது. அதன் அடிப்பக்கம் உருகிக் கறுத்திருந்தது.

நான் மின்பொறியியலாளன் அல்லன். ஆனால் நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் விட்டுப்போவதில்லை. எது நடந்தது என்பதோடு எது நடக்கவில்லை என்பதையும் எழுதி வைத்துக்கொள்வேன். அன்று காலை எரிந்தவை, எரியாதவை என இரு பட்டியல் போட்டேன். எரிந்தவை மைக்ரோவேவ் அடுப்பும், பற்றறிகளை மின்னேற்றும் கருவியும். எரியாதவை எனது மடிக்கணினியின் மின்னேற்றி, தொலைக்காட்சி, அக்காவின் மூச்சுக் கருவி. பின்னைய மூன்றையும் திருப்பிப் பார்த்தபோது மூன்றிலும் ஒரே வாசகம் இருந்தது: 100 முதல் 240 வோல்ற் வரை. எரிந்தவை இரண்டிலும் 120 வோல்ற் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. மின்னல் பாய்ந்திருந்தால் அது முகப்புச் சீட்டை வாசித்துப் பார்த்து ஆளைத் தெரிந்தெடுத்திருக்காது. ஆகவே வந்தது பல்லாயிரம் வோல்ற் இடியன்று. 120க்கு மேலும் 240க்குக் கீழும் நின்று, சில விநாடிகளுக்கேனும் நீடித்த ஏதோ ஒன்று.

முகாம் திடலின் மின் பணியாளர் வந்து, வாகனத்தின் அருகே இடுப்பளவு உயரத்தில் நின்ற மின்பெட்டியைத் திறந்தார். உள்ளே நியூட்ரல் கம்பியைப் பற்றியிருக்க வேண்டிய திருகாணி தளர்ந்து, அந்த இடம் கரிந்து போயிருந்தது. எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் இதனை நொதுமல் கம்பி என்று படித்தோம். ஊரில் புயலுக்குப் பின் வீதிக் கம்பத்தில் இதே கம்பி அறுந்தால் ஒரு வீட்டில் மின்குமிழ்கள் வெடிக்கும், அடுத்த வீட்டில் மங்கிப் போகும். இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ற், மூன்று பேஸ்களுக்கிடையே 400 வோல்ற். நடுவில் உள்ள கம்பி போனால் வீட்டிலுள்ளது 400ஐ நோக்கி ஏறக்கூடும். இதை அனுபவித்து அறிந்தவர்கள் வாசகர்களில் பலர் இருப்பீர்கள்.

மருமகனின் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோது இரண்டு தனித்தனி வரலாறுகள் எதிர்ப்பட்டன. ஒன்று மின்னலைப் பற்றிய பயத்தின் வரலாறு. மற்றையது செம்பைச் சிக்கனம் பிடித்த வரலாறு. கடையில் விற்பனையாகும் பெட்டிகளில் பெரும்பாலானவை முதலாவதற்குப் பிறந்தவை. வாகனங்களில் பொருட்களை எரிப்பது பெரும்பாலும் இரண்டாவதாகும்.

முதலாவது பலரும் அறிந்த கதை. 1752இல் பெஞ்சமின் பிராங்கிளின் பட்டம் விட்டு மின்னலும் மின்சாரமே என்று காட்டினார். இடிதாங்கி பிறந்தது. தந்திக் கம்பிகளும் பின்னர் மின்விநியோகக் கம்பிகளும் நாடெங்கும் நீண்டபோது, மின்னல் அக்கம்பிகளின் வழியே கட்டடங்களுக்குள் நுழையத் தொடங்கியது. இதனை ஆய்வுகூடத்தில் பிடித்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் மோஹோக் ஆற்றின் அருகே ஸ்ரைன்மெற்ஸ் ஒரு சிறிய மரக்குடில் வைத்திருந்தார். கோடை விடுமுறைக்கான முகாம் அது. 1920களின் தொடக்கத்தில் அந்த முகாமின் மீதே மின்னல் விழுந்தது. உள்ளே இருந்த நிலைக்கண்ணாடி சுக்குநூறாகியது. மனிதர் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மீண்டும் பொருத்தி, மின்னல் சென்ற பாதையை அதில் வாசித்தார். 1922இல் ஆய்வுகூடத்தில் செயற்கை மின்னலை உண்டாக்கி மரக்கட்டைகளையும் மின்காப்பிகளையும் சிதறடித்துக் காட்டினார். அதே ஆண்டு அங்கு சென்ற தோமஸ் எடிசன், உடைந்த மின்காப்பிகளை ஸ்ரைன்மெற்ஸுடன் நின்று பார்வையிட்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அடுத்த பெரும் பாய்ச்சல் ஜப்பானில் நிகழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் மற்சுஷிற்றா நிறுவனத்தின் ஆய்வாளர் மிச்சியோ மற்சுவோக்காவும் அவருடைய சகாக்களும், நாக ஒட்சைட்டுப் பொடியை வேறு சில ஒட்சைட்டுகளுடன் கலந்து சுட்டெடுத்த மட்பாண்டம் போன்ற வில்லையில் ஒரு வினோத குணத்தைக் கண்டனர். சாதாரண வோல்ற்றளவில் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஓர் எல்லையைக் கடந்ததும் திடீரெனக் கடத்தும். வில்லையினுள் இருக்கும் நுண்மணிகளின் ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ 3 வோல்ற் வரை தாங்கும் சிறு மதகு எனலாம். அவை வரிசையாக நின்று வெள்ளத்தைத் தடுத்து, அளவு மீறினால் ஒன்றாகத் திறக்கின்றன. 1970களில் இது அமெரிக்கச் சந்தைக்கும் வந்தது. இன்று மேசைக்கு அடியில் கிடக்கும் பல பிளக் நீட்டிப் பலகை முதல் மருமகனின் கறுத்துப்போன பெட்டி வரை உள்ளே இருப்பது இந்த வில்லைதான். வெளியில் அச்சிடப்படும் யூல் கணக்கு, இந்த வில்லை விழுங்கக்கூடிய சக்தியின் அளவு.

இங்கேதான் கவனிக்க வேண்டிய கணக்கு வருகிறது. மின்னெழுச்சி நீடிப்பது ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் சில பங்குகள் மட்டுமே. அந்த நேரத்துக்கு 2,000 யூல் என்பது பெருந்தீனி. ஆனால் ஒரு யூல் என்பது ஒரு வாற் ஒரு விநாடிக்கு. வில்லையின் ஊடாக 1,000 வாற் தொடர்ந்து பாய்ந்தால் அந்த 2,000 யூல் இரண்டே விநாடிகளில் முடிந்துவிடும். பிறகு வில்லை சூடேறி எரியும். எரிந்த வில்லைகள் தீவிபத்துக்கும் காரணமாயின. இவ்வகைச் சாதனங்களுக்கென அமெரிக்காவில் 1985இல் வெளியான யூ.எல். 1449 என்ற தரவிதி பின்னர் திருத்தப்பட்டபோது, வில்லை அளவுக்கு மீறிச் சூடானால் அதனை இணைப்பிலிருந்து விலக்கும் ஏற்பாடு வலியுறுத்தப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் விலகுவது வில்லை மட்டுமே. மின்சாரம் தன் பாட்டில் வாகனத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். வாயிற்காவலன் மயங்கி விழுகிறான், வாயில் திறந்தே கிடக்கிறது.

இனி இரண்டாவது வரலாறு. இதனைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

எடிசன் 1882இல் நியூயோர்க் பேர்ள் வீதியில் மின்நிலையம் திறந்தபோது அவரை அச்சுறுத்தியது செம்பின் விலை. 110 வோல்ற்றில் மின்சாரத்தைச் சிறிது தூரம் அனுப்புவதற்கும் தடித்த செம்புக் கம்பிகள் தேவைப்பட்டன. வோல்ற்றளவை இரட்டிப்பாக்கினால் செம்பு வெகுவாகக் குறையும். ஆனால் மின்குமிழ்கள் 110க்கே செய்யப்பட்டவை. இதற்கு அவர் கண்ட வழி மூன்று கம்பி முறை. இரண்டு பக்கக் கம்பிகளுக்கிடையே 220 வோல்ற். நடுவே ஒரு மூன்றாவது கம்பி. பக்கக் கம்பி ஒன்றுக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 110 வோல்ற். இரு பக்கமும் சமமான பாரம் இருந்தால் நடுக்கம்பியில் மின்னோட்டமே இராது. வேறுபாடு மட்டுமே அதன் வழியே திரும்பும். செம்பில் அரைப்பங்குக்கு மேல் மிச்சமாகியது. பென்சில்வேனியா மாநிலத்தின் சன்பரி நகரில் 1883ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி இம்முறையிலான மின்விநியோகம் தொடங்கியது. இதே யோசனையை பிரித்தானியாவில் ஜோன் ஹொப்கின்சன் என்பவர் தனியாகக் கண்டு 1882இல் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

எடிசனின் நேர்மின்னோட்டம் போட்டியில் தோற்று ஆடலோட்டம் வென்றது. ஆனால் தோற்றவருடைய மூன்று கம்பி மட்டும் தோற்கவில்லை. இன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுகளுக்கு வருவது 120க்கும் 240க்குமான அதே ஏற்பாடு. பெரிய வீட்டு வாகனங்களுக்கான 50 அம்பியர் பிளக்கில் நான்கு முனைகள் உள்ளன: இரண்டு உயிர்க்கம்பி, ஒரு நியூட்ரல், ஒரு புவிக்கம்பி. புவிக்கம்பியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது 1883ஆம் ஆண்டின் சன்பரி.

நடுக்கம்பி இல்லாது போனால் என்ன ஆகும்? ஒரு பக்கத்தில் 1,200 வாற் குளிரூட்டி, மறுபக்கத்தில் 240 வாற் அளவுக்குச் சிறு கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கம்பி போனதும் இரு பக்கமும் 240 வோல்ற்றில் ஒரே சங்கிலியாகக் கோர்க்கப்படுகின்றன. குளிரூட்டிக்கு ஏறத்தாழ 40 வோல்ற் கிடைக்கும், சிறு கருவிகளுக்கு 200 வோல்ற். எளியவன் தலையில் பாரம் விழும் விதி இது. குளிரூட்டி முனகியதும் அடுப்பின் எழுத்துகள் பளீரிட்டதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மொத்த மின்னோட்டம் கூடவில்லை, குறைந்தே இருந்தது. ஆகவே பிரேக்கரும் விழவில்லை. மருமகனின் பெட்டியிலிருந்த வில்லை 200 வோல்ற்றை விழுங்க முயன்று சில விநாடிகளில் இறந்தது. ஒருவேளை 160 வோல்ற்றாக இருந்திருந்தால் அது விழித்தே இருக்காது. கருவிகள் மட்டும் மெதுவாக வெந்திருக்கும்.

எடிசன் தாமே முகாமிட்டுத் திரிந்த மனிதர் என்பது இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி. 1914க்கும் 1924க்கும் இடையில் அவரும் ஹென்றி போர்ட், ஹார்வி பயர்ஸ்ரோன், இயற்கை எழுத்தாளர் ஜோன் பரோஸ் ஆகியோரும் கோடைகளில் வாகனத் தொடராகப் புறப்பட்டுக் காடுகளில் கூடாரமடித்தனர். நாடோடிகள் என்று தம்மை அழைத்துக்கொண்டனர். (சமையற்காரரும் பணியாட்களும் பின்னால் வரும் நாடோடிகள்!) கூடாரங்களுக்கு மின்விளக்கு வழங்கியவர் எடிசன். அவருடைய சேமிப்புப் பற்றறிகளே அதற்கு ஆதாரம். அந்த முகாமுக்கு ஊர் மின்சாரத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே ஊர் மின்சாரத்தின் வியாதிகளும் இல்லை.

ஆரம்பகால வீட்டு வாகனங்களும் அப்படியே இருந்தன. 1910இல் நியூயோர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியர்ஸ் ஆரோ வாகனம், 1919இல் புளோரிடாவின் ராம்பா நகரில் தொடங்கிய தகர டப்பா உல்லாசப் பயணிகள் சங்கம், 1936இல் உள்ளேயே மின்விளக்குகளுடன் வந்த எயர்ஸ்ரீம் கிளிப்பர் என்று இந்த வம்சாவளி நீள்கிறது. நிலைமையை மாற்றியது போருக்குப் பிந்திய காலம். மக்கள் காட்டுக்குள்ளும் குளிரூட்டியைக் கேட்டார்கள். 1962இல் மொன்ரானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், சியற்றில் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் பயணிகளை எதிர்பார்த்து டேவ் டிரம் என்பவர் தொடங்கிய முகாம் திடல், கே.ஓ.ஏ. என்ற பெருஞ் சங்கிலியாக வளர்ந்தது. 1966இல் வின்னபேகோ நிறுவனம் அயோவா மாநிலத்தில் மோட்டார் வீடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. வாகனத்துக்கு வாகனம் ஒரு மின்பெட்டி என்ற வழக்கம் பரவியது.

வீட்டின் நியூட்ரல் இணைப்பை ஒருமுறை முறுக்கினால் பல ஆண்டுகள் எவரும் தொடுவதில்லை. முகாம் திடலிலோ ஒரு கோடையில் நூறு வாகனங்கள் அதே துவாரங்களில் பிளக்கைச் செருகிப் பிடுங்குகின்றன. பாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குபவர்களும் உண்டு. பொறி பறந்து முனைகள் கரியும், பிடி தளரும். கனடாவில் குளிர்காலப் பனியும் சேர்ந்துகொள்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. சிறிய வாகனங்களுக்கான 30 அம்பியர் பிளக் மூன்று முனைகளுடன் 120 வோல்ற்றுக்கு உரியது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 30 அம்பியர் பிளக்கும் மூன்று முனைகளுடன் வந்தது. ஆனால் அதற்குரியது 240 வோல்ற். வீட்டு வேலை மட்டும் தெரிந்த மின் பணியாளர் ஒருவர் தமது பழக்கத்தில் முதலாவதற்கு 240ஐக் கொடுத்துவிடுவது அந்நாடுகளில் அடிக்கடி பேசப்படும் விபத்து. வாகனத்தில் 120 வோல்ற்றுக்கு மட்டுமே உரிய கருவிகள் ஒரே நொடியில் போய்விடக்கூடும்.

ஆகவே எந்தப் பெட்டியை வாங்குவது என்று மருமகன் கேட்டபோது, யூல் கணக்கைக் கடைசியாகப் பார்க்கும்படி சொன்னேன். முதலில் கேட்க வேண்டியது, பிழை கண்டால் இது மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்குமா என்பதே. அவ்வாறு துண்டிக்கும் கருவிகள் தனியாக உள்ளன. சாதாரணப் பெட்டியைவிடச் சில மடங்கு விலை. இவற்றிலும் நாக ஒட்சைட்டு வில்லை இருக்கிறது, ஆனால் அது பணியாள் மட்டுமே. எசமான் உள்ளேயிருக்கும் அளவீட்டுச் சுற்று. அது மின்பெட்டியை முதலில் சோதிக்கும். நியூட்ரல் உண்டா, புவிக்கம்பி உண்டா, உயிர்க்கம்பி இடம்மாறியுள்ளதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் மாத்திரம் தொடுப்பை மூடும். பின்னரும் தொடர்ந்து காவலிருந்து, வோல்ற்றளவு 132க்கு மேல் ஏறினாலோ 104க்குக் கீழ் இறங்கினாலோ விடுவிக்கும். பெரும்பாலான தயாரிப்புகளில் இந்த இரு எல்லைகளே உள்ளன. கீழெல்லையை அலட்சியம் செய்யக்கூடாது. கோடை நண்பகலில் திடல் முழுவதும் குளிரூட்டிகள் ஓடும்போது வோல்ற்றளவு சரியும். குறைந்த வோல்ற்றில் உழைக்கும் அமுக்கி மோட்டார் சூடேறி ஆயுளை இழக்கும்.

நிறுவனப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. விளம்பரப் பகுதிக்கும் ஆசிரியர் பகுதிக்கும் இடையே சுவர் இருந்த காலத்தில் தொழில் பழகியவன். ஆனால் சில விடயங்களைச் சொல்லலாம். 50 அம்பியர் வாகனத்துக்கு 50 அம்பியருக்குரியதை வாங்க வேண்டும். மின்பெட்டியிலேயே தொங்கவிடும் வகையும், வாகனத்தினுள் நிலையாகப் பொருத்தும் வகையும் உண்டு. முன்னையது திருட்டுப் போகலாம், மழையில் நனையும். ஆனால் வாகனத்தை மாற்றினாலும் கூடவே வரும். எங்கே வைத்தாலும் தனக்கு அப்பால் வாகனத்தினுள் தளர்ந்த நியூட்ரலை அது காணாது. எல்லா வயரிங் பிழைகளையும் காணும் என்றும் கருத வேண்டாம். புவிக்கம்பி இல்லாத மின்பெட்டியில் வாகனத்தின் உலோக உடல் முழுவதும் மின்னூட்டம் பெறக்கூடும். ஈர நிலத்தில் நின்றபடி கதவைத் தொடுபவர் உயிரிழக்க நேரிடும். அடுப்பு எரிந்தால் புதிது வாங்கலாம் என்பதால், புவிக்கம்பிச் சோதனையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். நேரே தலையில் விழும் மின்னலுக்கு இவற்றில் எதுவும் மருந்தல்ல. புயல் வருமென்றால் பிளக்கை முன்கூட்டியே கழற்றி வைப்பதுதான் வழி. பிளக்கைச் செருகும்போதும் கழற்றும்போதும் மின்பெட்டியின் பிரேக்கரை முதலில் இறக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

அடுத்த கோடையிலும் போனோம். வேறு ஏரி, வேறு திடல். மருமகன் பிரேக்கரை இறக்கி, புதிய பெட்டியைச் செருகி, பிரேக்கரை ஏற்றினார். பெட்டியின் சிறு திரையில் பிழைக் குறியீடு தோன்றியது. புவிக்கம்பி இல்லை. திடலின் அலுவலகத்தில் இருந்த இளைஞர், இதுவரை எவரும் முறையிடவில்லையே என்றார். மருமகன் வாதிடவில்லை. வேறு இடம் கேட்டு வாங்கி, இருட்டத் தொடங்கிய நேரத்தில் அந்த நீண்ட வாகனத்தை மீண்டும் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினார். அங்கே திரையில் 119 என்று எண் விழுந்தது. குளிரூட்டியின் அமுக்கியைக் காப்பதற்காகப் பெட்டி ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருந்தது. பிறகு உள்ளே தொடுப்பு மூடும் 'டக்' என்ற ஓசை.

அக்கா ஜன்னலால் எட்டிப்பார்த்து, "சரியாமோ?" என்று கேட்டார். சரியென்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தவர் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தார்.